ஓபிர் சாலை மாதா கோயில்

சிங்கப்பூரில் தமிழர் எழுப்பிய வழிபாட்டிடங்களுட் பெரும்பாலானவை தம்மைத் தாமே அறிவித்துக்கொள்வன. சௌத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் கோயிலை முதன்முறை காண்பவரும், அதன் கோபுரத்தை நோக்கிய அளவிலேயே அது தென்னாட்டார் கட்டியது என்று கூறிவிடுவர். தெலுக் ஆயர் தெருவிலுள்ள நாகூர் தர்கா, சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வந்த முஸ்லிம் வணிகரின் நினைவைத் தன் பெயரிலும் உருவிலும் தாங்கி நிற்கிறது. ஆனால், ஓபிர் சாலையில் நிற்கும் லூர்து மாதா கோயிலின் முன்னே நின்று பார்ப்பவருக்கு, அது தமிழர்க்கென்று எழுந்த கோயில் என்பதற்குரிய அடையாளம் ஒன்றேனும் வெளித்தோற்றத்திற் புலப்படாது. வானை நோக்கும் கூரிய சிகரம், நுனி கூர்ந்த சாளரங்கள், வண்ணக் கண்ணாடிகள் ஆகிய யாவும் ஐரோப்பியச் சாயலே. எனினும், சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே எழுந்த முதற் கோயில் இதுவே. கண்ணுக்குப் பிரெஞ்சுக் கட்டடமாகவும் காதுக்குத் தமிழாகவும் ஒரு கோயில் அமைந்தது எவ்வாறு என்பது ஆராய்தற்குரியது.

இக்கோயில் தோன்றுமுன் தமிழ்க் கத்தோலிக்கர் எங்கே வழிபட்டனர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவில், சிங்கப்பூர்க் கத்தோலிக்கப் பணி பெரிதும் பாரிஸ் நகரத்து அயல்நாட்டு வேதபோதகச் சபைக் குருமாரின் பொறுப்பில் இருந்தது. குவீன் ஸ்திரீட்டில் நல்லாயன் கோயில் 1847இல் எழுந்தது. அதுவே பின்னர்ப் பேராலயம் ஆயிற்று. 1870 அளவில், அதே தெருவில் சீனக் கத்தோலிக்கரின் பொருட்டு இராயப்பர் சின்னப்பர் கோயில் கட்டப்பட்டது. தமிழரும் அங்கேயே சென்று வந்தனர். இரு சாராருக்கும் ஒருங்கே பணிபுரிந்தவர் பியேர் பாரி அடிகள் என்னும் பிரெஞ்சுக் குரு. அவர் 1883இல் காலமானார்.

இராயப்பர் சின்னப்பர் என்ற பெயரைக் கேட்டு இவர்கள் தமிழ்நாட்டு அடியார் போலும் என்று மயங்குவார் உளர். பீட்டர், பால் என்னும் அப்போஸ்தலரையே தமிழ்க் கத்தோலிக்கர் இவ்வாறு வழங்கினர். ‘பவுலுஸ்’ என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்பது பொருள். அப்பொருளைக் கொண்டே ‘சின்னப்பர்’ என மொழிபெயர்த்தனர். பெயரையும் மொழிபெயர்த்துக்கொள்ளும் இத்துணிவு, பின்னே கூறப்போகும் செய்திக்கு ஒரு முன்னுரை எனலாம்.

நிற்க. சீனரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் வழிபட்டிருக்க, தமிழர்க்கெனத் தனிக்கோயில் வேண்டப்பட்டது ஏன்? இன வேற்றுமையே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அஃது உண்மையின் ஒரு கூறே. அந்நாளில் பூசை இலத்தீன் மொழியில் நடந்தது. பூசை செய்யும் குருவின் இலத்தீன் சீனருக்கும் விளங்காது, தமிழருக்கும் விளங்காது. ஆதலின் பூசைக்காக இருவரும் பிரிய வேண்டுவதில்லை. ஆயின், பாவசங்கீர்த்தனம் அவ்வாறன்று. தான் செய்த பிழையை ஒருவன் தன் வாயால், தன் மொழியில், குருவின் செவியில் மட்டும் படுமாறு சொல்லுதல் வேண்டும். இடையே மொழிபெயர்ப்பாளனை நிறுத்துவது இயல்பன்று. சாகுந்தறுவாயில் இருக்கும் ஒருவனிடம், “ஆங்கிலம் கற்று வா” என்று கூறவும் இயலாது. பிரசங்கமும், சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பித்தலும் இத்தகையனவே. ஆகவே, தமிழர் வேண்டியது முதலில் ஒரு கட்டடத்தை அன்று. தமிழ் கேட்கும் ஒரு செவியையும் தமிழ் பேசும் ஒரு வாயையுமே என்று கொள்ளுதல் பொருந்தும். கட்டடம் அதன் பின்னர் வந்தது.

சிங்கப்பூர்க் கத்தோலிக்கக் கோயில்கள் மொழிவாரியாகப் பிரிந்து வளர்ந்தமைக்கு இதுவே அடிப்படை. சிராங்கூன் புறநகர்க் கோயில் தியோச்சியூ மொழியினரையும், 1910இல் தேங்க் சாலையில் எழுந்த திரு இருதய ஆண்டவர் கோயில் கான்டனீஸ், ஹக்கா மொழியினரையும் சார்ந்து வளர்ந்தன. சீனர் என்ற ஒரே இனத்துள்ளும் மொழிக்கேற்பக் கோயில்கள் வேறுபட்டமை, காரணம் நிறமன்று, நாவே என்பதைக் காட்டும்.

பாரி அடிகளுக்குப் பின் தமிழரின் பொறுப்பை ஏற்றவர் மெனுவ்ரியே அடிகள். இவரும் அதே சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர். இவர் முயற்சியால் ஓபிர் சாலையில் நிலம் கிடைத்தது. 1886இல் ஆயர் காஸ்னியே ஆண்டகை காலத்தில் அடிக்கல் நாட்டப்பெற்று, 1888இல் கோயில் நிறைவுற்றது. அதே 1888ஆம் ஆண்டிலேயே பழைய மலாக்கா மறைமாவட்டம் மீண்டும் நிறுவப்பெற்று, காஸ்னியே அதன் ஆயரானார். கட்டட வேலையோடு தொடர்புடையது ஸ்வான் அண்டு லெர்மிட் என்னும் நிறுவனம். இதுவே பின்னர் 1892இல் ஸ்வான் அண்டு மெக்லாரன் எனப் பெயர் மாறி, ராபிள்ஸ் ஹோட்டலின் பெருங் கட்டடத்தையும், ஓபிர் சாலைக்கு அண்மையிலுள்ள சுல்தான் பள்ளிவாசலின் இன்றைய கட்டடத்தையும் வரைந்து புகழ்பெற்றது. மாதா கோயிலின் சிகரமும் பள்ளிவாசலின் பொற்கும்மட்டமும் ஒரே நிறுவனத்தின் வழிவந்தவை என்பது பலர் கவனியாத செய்தி.

கோயிற் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்த அவ்விரண்டாண்டுகளுக்கு இடையே, 1887இல், சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ் வார இதழ் மகதூம் சாயபு அவர்களால் தொடங்கப்பெற்றது என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும். ஒருபால் தமிழ் முஸ்லிம் ஒருவர் அச்சில் தமிழை ஏற்ற, மற்றொருபால் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழர்க்குக் கோயில் எடுத்தார். இரண்டும் தொடர்பற்ற செயல்களே. ஆயினும், அந்நகரத்தில் தமிழர் வந்துபோகும் கூட்டமாக இல்லாது, ஊன்றி நிற்கும் சமுதாயமாக மாறிவந்ததற்கு இரண்டும் சான்று.

சாலையின் பெயர் பற்றியும் ஒரு சொல். ஓபிர் என்பது விவிலியத்தில் சாலமோன் மன்னனுக்குப் பொன் வந்த நாடு. ஜொகூரிலுள்ள லேடாங் மலையையும் ஐரோப்பியர் ஓபிர் மலை என்றே அழைத்தனர். சாலமோனின் மரக்கலங்கள் கொணர்ந்த மயிலைக் குறிக்கும் ‘துகி’ என்ற எபிரேயச் சொல், தமிழ்த் ‘தோகை’யின் திரிபு எனக் கால்டுவெல் முதலிய அறிஞர் கருதினர். இக்கருத்து இன்னும் விவாதத்திற்குரியது. தமிழ்க் கோயில் இப்பெயர் கொண்ட சாலையில் அமைந்தது தற்செயலே. எனினும், தமிழாசிரியர் ஒருவர் அவ்வழியே செல்லும்போது இதனை நினையாதிருத்தல் அரிது.

இனி, கட்டட அமைப்பைக் காண்போம். பிரான்சின் தென்மேற்கிலுள்ள லூர்து என்னும் சிற்றூரில், 1858ஆம் ஆண்டு பெப்ருவரி 11ஆம் நாள் தொடங்கிப் பதினெட்டு முறை, பெர்னதெத் என்னும் பதினான்கு வயதுச் சிறுமிக்கு மரியன்னை காட்சி தந்ததாகக் கத்தோலிக்கர் நம்புவர். அக்குகையின் மேல், இப்பொலித் துய்ரான் என்னும் கட்டடக் கலைஞரின் வரைவுப்படி, மேற்கோயில் 1866 முதல் 1872 வரை கட்டப்பட்டது. முகப்பின் நடுவே ஏறத்தாழ எழுபது மீட்டர் உயரத்திற்கு எழும் ஒற்றைச் சிகரமே அதன் சிறப்பு. ஓபிர் சாலைக் கோயிலும் முகப்பின் நடுவே ஒற்றைக் கோபுரமும் அதன்மேற் கூர்ஞ்சிகரமும் கொண்டு, அம்மேற்கோயிலையே நினைவூட்டுமாறு அமைந்துள்ளது. அளவில் அதனினும் சிறியது. ஆயினும் மூலத்தை அறிந்தவர் சாயலை உடனே உணர்வர். மூலம் முடிந்து பதினைந்து ஆண்டுகளே கழிந்திருந்த நிலையில், அந்நாளில் இது பழமையைப் போற்றிய கோயிலன்று. புத்தம் புதிய மாதிரியைத் தழுவியது.

இப்பாணியைக் கோதிக் என்பர். அதன் உயிர்நாடி கூர்வளைவு. அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் பாதியாகவே இருக்கும். கூட்டவோ குறைக்கவோ இயலாது. இரு வட்டத்துண்டுகள் உச்சியிற் சந்திக்குமாறு அமைக்கும் கூர்வளைவிலோ, அகலம் மாறாமலே உயரத்தை மிகுவிக்கலாம். மேலும், அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் மிகுதியாகத் தள்ளும். கூர்வளைவு பெரும்பகுதியைக் கீழ்நோக்கிச் செலுத்தும். எஞ்சிய தள்ளலைச் சுவருக்கு வெளியே இடைவிட்டு எழுப்பும் உதைசுவர்கள் தாங்கிக்கொள்ளும். சுவர் முழுவதும் பாரம் சுமக்க வேண்டாமையின், இடையிடையே நெடிய சாளரங்களைத் திறந்துவிடலாம். வெயிலுக்கு ஏங்கும் வட ஐரோப்பியர்க்கு இது பெரும்பேறு. நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகையளவே வடக்கிலுள்ள சிங்கப்பூரிலோ ஒளிக்குப் பஞ்சமில்லை. வெப்பமும் மழையுமே இடர். ஆதலின் இங்கே அச்சாளரங்களின் வேலை மாறிவிடுகிறது. காற்றை உள்ளே விடுவது முதன்மையாகிறது. வண்ணக் கண்ணாடி ஒளியைப் பெருக்குவதற்கன்றி, அதன் கூர்மையைத் தணிப்பதற்கு உதவுகிறது. பிரான்சில் கல்லாற் செய்ததை இங்குச் செங்கல்லாலும் பூச்சாலும் செய்தனர்.

கோதிக் பாணி தமிழர் கைக்கு முற்றும் அயலானதன்று என்பதும் குறிக்கத்தக்கது. நகரின் பெரிய கோதிக் ஆலயமான ஆங்கிலிக்கரின் புனித அந்திரேயா பேராலயம், 1856 தொடங்கி 1861 வரை, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறைக்கைதிகளின் உழைப்பாற் கட்டப்பட்டது. அதன் சுவர்களுக்கு இட்ட ‘சென்னைச் சுண்ணம்’ பெயர்பெற்றது. மணல் சேராத சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் வெல்லச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுப் பிசைந்து, பூசியபின் பளிங்குக் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். சென்னை மாகாணத்து வீட்டுச் சுவர்களில் கொத்தனார் அறிந்திருந்த அதே முறைதான். கட்டியவர் கைதிகள், வழிபட்டவர் ஆட்சியாளர். ஓபிர் சாலைக் கோயிலின் தனித்தன்மை, அங்கே வழிபடுவோரும் தமிழராய் இருந்தமை.

இவ்விடத்து ஒரு வினா எழும். தமிழர்க்கு எடுக்கும் கோயிலைத் தமிழ்ப் பாணியில் எடுத்திருக்கலாகாதா? முன்மாதிரி இல்லாமல் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர், கோணான்குப்பத்தில் பெரியநாயகி என்ற பெயரில் மாதாவைத் தமிழ்ப்பெண் கோலத்தில் எழுந்தருளச் செய்தார். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காற்று வேறு திசையில் வீசியது. சென்னைச் சாந்தோம் கோயில் 1896இல் கோதிக் பாணியிற் புதுக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் இயேசு சபையார் எழுப்பிய லூர்து மாதா கோயிலும் அப்பாணியே. பின்னாளில், 1928இல், மலாயாவின் கிள்ளானில் எழுந்த லூர்து மாதா கோயிலும் அவ்வாறே. கோயில் என்றால் கூர்ஞ்சிகரம் என்ற எண்ணம் குருக்களிடம் மட்டுமன்றி மக்களிடமும் வேரூன்றிவிட்டது. வீரமாமுனிவர் திறந்த வழி அடைபட்டது வருந்தத்தக்கதே. ஆயினும், அவ்வழி கட்டடத்தில் அடைபட்டதேயன்றிச் சொல்லில் அடைபடவில்லை.

லூர்து என்ற பெயரையே நோக்குக. ஆங்கிலேயர் அதனை ‘லோர்ட்ஸ்’ என ஈற்றில் சகரம் ஒலிக்கச் சொல்வர். பிரெஞ்சுக்காரர் ஈற்றெழுத்தை ஒலிப்பதில்லை. தமிழர் ‘லூர்து’ என்பது பிரெஞ்சு ஒலியை ஒட்டியது. ஆங்கில ஆட்சியிலிருந்த சிங்கப்பூரிலும் தமிழர் ஆங்கில ஒலியைக் கொள்ளாது பிரெஞ்சு வழி ஒலியையே கொண்டிருப்பது, இப்பக்தி புதுச்சேரிக் குருமார் வாயிலாகத் தமிழுக்குள் வந்தது என்பதற்கு மொழியே தரும் சான்று. லூர்துசாமி, லூர்தம்மாள், லூர்துமேரி எனப் பெயரிடும் வழக்கமும் அவ்வழி வந்ததே. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் லூர்து மாதாவுக்கு 1876இல் கோயில் எடுத்து, மறு ஆண்டு பிரான்சிலிருந்து திருவுருவம் வருவித்தனர். அக்கோயிலின் முன்னே, தமிழ்க் கோயில்களுக்குரிய முறையில், பிற்காலத்தில் திருக்குளமும் வெட்டினர். புதுச்சேரியிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிந்தது பாரிஸ் நகரத்து ஒரே சபை.

லூர்துக் குகையின் உருவத்தை அமைத்து வழிபடும் இடத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘கெபி’ என்பர். இன்று பலர் இதனை ஏதோ ஐரோப்பியச் சொல் எனக் கருதுகின்றனர். ‘கெவி’, ‘கெபி’ என்பன குகையைக் குறிக்கும் சொற்கள். பழைய விவிலியத் தமிழிலும் தாவீது ஒளிந்த குகை கெபி என்றே வழங்கும். பொதுவழக்கில் மறைந்துபோன ஒரு சொல், மாதா கோயில் வளாகங்களில் உயிரோடிருக்கிறது.

இதனினும் வியப்பானது லூர்தின் வரலாற்றிலேயே அடங்கியிருக்கும் ஒரு செய்தி. பெர்னதெத் என்னும் சிறுமி அந்நாளில் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு மொழியை அறியாள். அவள் பேசியது அம்மலையடிவாரத்து ஊர்மொழி. காட்சியில் வந்த அன்னையும் அவ்வூர்மொழியிலேயே தன் பெயரைக் கூறியதாக அவள் மொழிந்தாள். லூர்துக் குகையிலுள்ள திருவுருவின் அடியில் இன்றும் அவ்வூர்மொழி வாசகமே பொறிக்கப்பட்டுள்ளது. பிரெஞ்சும் அன்று, இலத்தீனும் அன்று. தம் மொழியிற் பேசும் ஒரு கோயிலை வேண்டிய மக்களுக்கு, இவ்வன்னையின் பெயரால் கோயில் அமைந்தது பொருத்தமே.

இக்கோயில் சமுதாயத்தில் வகித்த இடத்தை அறிய, அன்று கடல் கடந்து வந்தவரின் நிலையை எண்ணிப்பார்த்தல் வேண்டும். வந்தவருட் பெரும்பாலோர் உறவினரைத் தாய்நாட்டில் விட்டுவந்த ஆடவர். குழந்தை பிறந்தால் காது குத்த மாமன் இல்லை. திருமணம் பேச அத்தை இல்லை. கத்தோலிக்க முறையில், ஞானஸ்நானம் பெறும் குழந்தைக்கு ஞானத்தந்தையும் ஞானத்தாயும் வேண்டும். ஊரில் இது பெரும்பாலும் இருக்கின்ற உறவைப் புதுப்பிக்கும் சடங்கு. அயல்நாட்டிலோ இல்லாத உறவை உண்டாக்கும் வழி. தஞ்சைக்காரனுக்கும் திருநெல்வேலிக்காரனுக்கும் யாழ்ப்பாணத்தானுக்கும் ஞானஸ்நானத் தொட்டியருகே உறவு பிறந்தது. திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிற் பூசையின்போது மணமக்கள் பெயரை அறிவிப்பது திருச்சபை வழக்கம். இதனைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘ஓலை வாசித்தல்’ என்பர். கையிலிருப்பது காகிதமே, நாவிலிருப்பது ஓலை. ஒருவனை அறிந்தவர் எவரும் இல்லாத துறைமுக நகரில், “இவருக்குத் திருமணத் தடை உண்டோ?” என்று மூன்று வாரம் கூட்டத்தில் கேட்பது வெறுஞ் சடங்கன்று, அது பெண் வீட்டாருக்கு ஒரு காப்பு.

இனி, இலத்தீன் விலகிய கதை. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிகளுக்கு வழிதிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பூசையே தமிழாயிற்று. அதனோடு சொற்களும் மாறின. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, சுவிசேஷம் நற்செய்தியாயிற்று, அர்ச்சியசிஷ்டர் புனிதர் ஆயினர், சர்வேசுரன் இறைவன் ஆயினார். தமிழ்நாட்டில் மேடைகளிலும் பாடநூல்களிலும் நிகழ்ந்த தூய தமிழ் மாற்றம் பீடத்திலும் நிகழ்ந்தது. இம்மாற்றத்தைத் தமிழாசிரியர் மகிழ்ந்து வரவேற்பர், அது இயல்பே. ஆனால் பழைய சொற்களை இகழ்தல் தகாது. மும்முறை கடல் கடந்தாலும் மறவாது ஒரு மூதாட்டி செபித்த சொற்கள் அவை.

காலத்தின் விந்தை யாதெனில், பீடத்தில் தமிழ் ஏறிய அதே காலத்தில் வீட்டில் அது இறங்கத் தொடங்கியது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடாகித் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக நிலைபெற்றது. 1972இல் சிங்கப்பூர் தனி உயர்மறைமாவட்டமாயிற்று. 1970களில் ஓபிர் சாலைக் கோயில் எல்லா இனத்தார்க்கும் உரிய பங்காயிற்று. ஆங்கிலத் திருப்பலியும் அங்கு நிலைபெற்றது. இது திருச்சபையின் பொதுநெறிக்கு ஒத்ததே; குறைகூற இடமில்லை. ஆயினும், மொழிக்காகப் பிறந்த கோயிலில் மொழி ஒரு பங்காளியாயிற்று என்பதையும் மறைத்தற்கில்லை. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, சிங்கப்பூர் இந்தியருட் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே.

2005ஆம் ஆண்டு ஜனவரியில் அரசு இக்கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. அதனால் சிகரமும் சாளரமும் சட்டத்தின் காவலைப் பெற்றன. அங்கு ஒலிக்கும் தமிழுக்கு அத்தகைய காவல் எதுவுமில்லை; வருவோர் இருக்கும்வரை அது இருக்கும். இப்போது அத்தமிழைத் தாங்குவோருள், அண்மைப் பத்தாண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தோரும் அடங்குவர். இவர்கள் திருப்பலி, திருமுழுக்கு எனப் பழகியவர்கள். தலைமுறையாகச் சிங்கப்பூரில் வாழும் முதியோர் நாவில் பூசையும் பாவசங்கீர்த்தனமும் இன்னும் வருவதுண்டு. இளையோருட் சிலர் தமிழ்ச் செபங்களை உரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கின்றனர். அவ்வெழுத்தில் லகர, ளகர, ழகர வேறுபாடு இல்லை. ‘பழி’யும் ‘பலி’யும் ஒன்றாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்த் திருப்பலியில் இம்மூவர் குரலும் ஒருங்கே எழும்போது, செவி கூர்ந்து கேட்பவர்க்கு யார் எங்கிருந்து எப்போது வந்தவர் என்பது விளங்கும்.